முறுமுறுப்புக்கு அப்புறம்

(சேகர, அதாவது திருச்சபை வட்டார, ஐக்கியக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

போதகர் ஐயர் அவர்களே, கமிட்டிப் பெரியவர்களே, சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நம் கோயில் வேப்பமரத்தடியில் இன்னொரு ஆராதனை நடக்கும். அதற்கு ஜெபப்புத்தகம் தேவையில்லை. மைக் சரியில்லை, பிரசங்கம் நீளம், வாலிபர்கள் வருவதில்லை, கணக்கு யாருக்கும் புரியவில்லை, நாட்டில் லஞ்சம் பெருகிவிட்டது. ஒருவர் ஆரம்பித்தால் மற்றவர்கள் மறுமொழி சொல்லுவோம். முப்பது வருடமாக ஒரு வாரம் தவறாமல் அதில் கலந்துகொள்கிறவன் நான். ஆகவே மேடையேறிக் கண்டிக்க வந்திருக்கிறான் என்று யாரும் பயப்பட வேண்டாம்.

குறை சொல்வதைப் பற்றிப் பேசச் சொன்னால் நாம் நேராகப் பைபிளில் இஸ்ரவேலர் அலைந்த வனாந்தரத்துக்குப் போய்விடுவோம். எகிப்தின் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுத ஜனங்களைக் காட்டி, "ஆகையால் முறுமுறுக்காதிருங்கள்" என்று முடித்துவிடுவோம். நான் இன்று அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்துக்குப் போகிறேன். எருசலேம் சபையில் விதவைகளுக்கு அன்றாடம் பந்தி நடக்கிறது. கிரேக்க மொழி பேசுகிறவர்களின் விதவைகள் மட்டும் விடுபட்டுப்போகிறார்கள். அவர்கள் ஆட்கள் முறுமுறுத்தார்கள் என்று எழுதியிருக்கிறது. கவனியுங்கள், வனாந்தரத்துக்குப் போட்ட அதே சொல்.

சபையை நடத்திய அப்போஸ்தலர்கள் ஒரு வசனத்தை எடுத்து அவர்கள் வாயை அடைத்திருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. சபையைக் கூட்டி ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். யார் வீட்டு விதவைகள் விடுபட்டார்களோ அவர்கள் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் நான் இதைப் படிக்கிறேன்.

இதை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. இந்தத் தமிழ்நாட்டிலேயே கல்லறைத் தோட்டத்தில் சாதி பார்த்துச் சுவர் வைத்த சபைகள் இருக்கின்றன. அதைப் பற்றி ஒருவர் வாய் திறந்தால், "பிரதர், குறை சொல்லாதீங்க, ஜெபம் பண்ணுங்க" என்கிறோம். அவர் சொல்வது வேப்பமரத்தடிப் புலம்பல் இல்லை, வழக்கு. இரண்டையும் ஒரே தராசில் போடக் கூடாது.

சரி, பழைய ஏற்பாட்டு நெகேமியாவுக்கு வருவோம். இடிந்த எருசலேம் அலங்கத்தை, அதாவது மதிலை, 52 நாளில் கட்டி முடித்த கதை நமக்கு மனப்பாடம். அவனவன் தன் வீட்டுக்கு எதிரே கட்டினான். குப்பைமேட்டு வாசலைக்கூட ஒரு பிரபு முன்வந்து கட்டினான். தெக்கோவா ஊர்ப் பெரிய மனிதர்கள் மட்டும் கழுத்துக் கொடுக்கவில்லை. (அவர்கள் எந்த மரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்களோ!) ஆனால் பதின்மூன்றாம் அதிகாரத்தை எத்தனை பேர் பிரசங்கித்துக் கேட்டிருக்கிறோம்? பன்னிரண்டு வருடம் அதிபதியாக இருந்துவிட்டுப் பாரசீக ராஜாவிடம் போகிறார் நெகேமியா. திரும்பி வந்தால், எதிரியாக இருந்த தொபியாவுக்கு ஆலயத்துக்குள்ளேயே ஓர் அறை. ஆலய ஊழியரான லேவியருக்குப் படி கொடுக்காததால் அவர்கள் வயல் வேலைக்குப் போய்விட்டார்கள். ஓய்வுநாளில் திராட்சைப்பழ மூட்டை இறங்குகிறது. சுவர் நிற்கிறது, சுவருக்கு உள்ளே எல்லாம் பழையபடி. மனுஷன் ஆத்திரத்தில் தொபியாவின் தட்டுமுட்டுகளை வெளியே எறிந்தார், சிலருடைய மயிரைப் பிடித்தும் இழுத்தார். பாரம் முழுவதும் ஓர் ஆள் தோளில் இருந்ததுதான் கோளாறு என்பது என் எண்ணம். நமக்கும் இது புதிதில்லை. நல்ல ஐயர் ஒருவர் மாற்றலாகிப் போனால் மூன்றே மாதத்தில் அவர் ஆரம்பித்த இரவுப் பாடசாலை பூட்டிக் கிடக்கும்.

இந்தக் கோளாறைப் புரிந்துகொண்ட ஒருவர் நம் பக்கத்திலேயே இருந்தார். ஐடா ஸ்கடர், 1870-இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்கு அவரை அழைத்ததும், டாக்டரான அவர் அப்பாவை, ஆண் என்பதால் வேண்டாம் என்றதும், மூன்று பெண்களும் இறந்துபோனதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரியும். வேகமாகக் கடந்துபோகிறேன். அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்து, 1900-இல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். 1902-இல் 40 கட்டில் ஆஸ்பத்திரி வந்தது. நம் பிரசங்கங்கள் அநேகமாக இங்கேயே ஆமென் போட்டுவிடும்.

எனக்கு முக்கியம் அதற்கு அப்புறம் நடந்தது. ஒரு லேடி டாக்டர் எத்தனை வீட்டுக்கு ஓட முடியும்? 1909-இல் நர்ஸ்களுக்குப் பயிற்சி தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி. மூன்று பேர் விண்ணப்பித்தால் அதிர்ஷ்டம் என்று கேலி பேசினார்கள். வந்தவை 151. முதல் அணியில் 14 பேர் 1922-இல் படிப்பை முடித்து வெளியே வந்தார்கள். ஆண் டாக்டரை உள்ளே விடாத வழக்கத்தைத் திட்டித் தீர்த்திருக்கலாம், அதில் நியாயமும் இருந்திருக்கும். அவர் அந்த வாசலுக்குள் போகக்கூடிய பெண்களையே டாக்டராக்கி அனுப்பினார். திரும்பவும் அதே கரண்டிக் கதைதான்.

இதைவிடக் கடினமான கட்டம் பின்னால் வந்தது. 1938-இல் அரசாங்கம் சட்டம் மாற்றியது. இனி பல்கலைக்கழகப் பட்டம் கொடுக்கும் கல்லூரியாக உயர வேண்டும், இல்லாவிட்டால் மூட வேண்டும். ஐடாவுக்கு எழுபது வயது நெருங்குகிறது. பணத்துக்காக மறுபடியும் அமெரிக்கா போய் ஊர் ஊராக அலைந்தார். ஆண்களையும் சேர்த்துக்கொண்டால்தான் கல்லூரி பிழைக்கும் என்ற நிலை வந்தது. பல வருடம் கூடவே நின்று பணம் திரட்டித் தந்த லூசி பீபாடி அம்மையாரே அதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காகவே உயிரைக் கொடுத்துக் கட்டியதை ஆண்களுக்கும் திறந்துவிடு என்றால் யாருக்கு மனசு வரும்? ஐடா சம்மதித்தார். 1947-இல் ஆண் மாணவர்கள் சேர்ந்தார்கள். அதை ஒட்டியே ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண் டாக்டர் பொறுப்புக்கு வந்தார். தன் கையால் வளர்த்ததைக் கண்ணெதிரே இன்னொருவர் நடத்தப் பார்த்துவிட்டு, ஐடா 1960-இல் கொடைக்கானலில் காலமானார். அவர் தொடங்கியதுதான் இன்றைய வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. அதற்கு வருகிறவர்கள் இறங்கும் காட்பாடி ஸ்டேஷனில் போய் நின்று பாருங்கள். ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வங்காளத்திலிருந்து வந்து இறங்குகிறவர்கள் பலருக்கு ஐடா யாரென்றே தெரியாது.

நேரமாகிவிட்டது. ஒரே ஒரு அறிவிப்பு. போன ஞாயிறு வேப்பமரத்தடியில், நம் தெருப் பாட்டிமார் ஆறேழு பேருக்கு முதியோர் பென்ஷன் வரவில்லை என்று அரை மணி நேரம் பேசினோம், ஆபீஸர்களையெல்லாம் ஒரு பிடி பிடித்தோம். யாருடைய மனு எங்கே நிற்கிறது, யாரிடம் ஆதார் இருக்கிறது, யாருக்கு வங்கிக் கணக்கே இல்லை என்று கேட்டால் நம்மில் ஒருவருக்கும் தெரியாது. வருகிற ஞாயிறு அதே மரத்தடியில் ஒரு மேஜையும் நோட்டும் இருக்கும். எழுதப்போவது நானும் இல்லை, செயலாளரும் இல்லை. அந்தப் பாட்டிகளில் ஒருவருடைய பேத்தி, பிளஸ் டூ படிக்கிற பிள்ளை, ஒப்புக்கொண்டிருக்கிறாள். யாராவது ஒரு நல்ல பேனா கொண்டு வாருங்கள்.