எரிந்த கட்சியா, எரியாத கட்சியா? ட்ராகன் தொடர்களும் நாம் கட்டும் தியரிகளும்

வணக்கம் நேயர்களே. கொட்டகலையிலிருந்து பேசுகிறேன். கேம் ஒஃப் த்ரோன்ஸ், அதன் முன்கதையான ஹவுஸ் ஒஃப் த ட்ராகன் ஆகிய இரண்டு தொடர்களையும் பார்த்துவிட்டு நாம் கட்டுகின்ற தியரிகளில் எதை ஏற்பது, எதை ஒதுக்குவது என்பதைப் பற்றியே இன்றைய வ்லாக்கில் பேசப்போகிறேன். முன்கதையின் இரண்டாம் சீசன் வரையிலான கதையை மறைக்காமல் சொல்வேன் என்பதால், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்து முடித்துவிட்டு வாருங்கள். புத்தகத்தில் மட்டும் இருக்கின்ற முடிவுகளை நான் சொல்லமாட்டேன்.

ஒரு தியரி பலித்ததா, பொய்த்ததா என்பதை மட்டும் வைத்து அதன் தரத்தை அளப்பது எனக்கு உடன்பாடான காரியமில்லை. குருட்டாம்போக்கில் சொன்னதும் சில வேளைகளில் பலித்துவிடும். பத்துக் காட்சிகளை அலசி ஆராய்ந்து சொன்னதும் பொய்த்துப்போகும். அந்தத் தியரிக்குத் தொடரே இடம் கொடுத்திருக்கிறதா, அல்லது நம்முடைய ஆசையை நாம் கதைக்குள் திணித்திருக்கிறோமா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எங்கள் நண்பர் குழுவில் இதற்காகவே ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருக்கிறோம். பக்கத்தின் நடுவில் கோடு போட்டு, இடப்பக்கத்தில் "காட்டியது" என்றும் வலப்பக்கத்தில் "நாம் சேர்த்தது" என்றும் எழுதுவோம். வலப்பக்கம் நிரம்பி இடப்பக்கம் வெறுமையாகக் கிடந்தால், எவ்வளவு அழகான தியரியாக இருந்தாலும் அதைக் கைவிட்டுவிடுவோம்.

இடப்பக்கம் நிரம்பி வழிந்த தியரி ஒன்று உண்டு. ஜோன் ஸ்னோ, அவனைத் தன் மகனென்று சொல்லி வளர்த்த வடக்கின் பிரபு நெட் ஸ்டார்க்கின் மகனல்ல. நெட்டின் தங்கை லியானாவுக்கும் முன்னர் அரசாண்ட டார்கேரியன் வம்சத்து இளவரசர் ரேகாருக்கும் பிறந்த பிள்ளை என்பதே அது. ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் முதல் நாவல் 1996இல் வெளிவந்தது. தொண்ணூறுகளின் இறுதியிலேயே வாசகர்கள் இந்த முடிச்சை அவிழ்த்து வைத்திருந்தார்கள். தொடரை உருவாக்கிய டேவிட் பெனியோஃப், டி. பி. வைஸ் ஆகிய இருவரும் மார்ட்டினைச் சந்தித்து அனுமதி கேட்டபோது, ஜோனின் தாய் யார் என்று அவர் அவர்களிடம் கேட்டதும், அவர்கள் சரியாக விடை சொன்னதும் பலமுறை சொல்லப்பட்ட செய்திதான். தொலைக்காட்சியில் அந்த இரகசியம் 2016 ஜூன் 26 அன்று, ஆறாம் சீசனின் கடைசி எபிசோட்டில் வெளிப்பட்டது. கோபுரத்தில் லியானா பெற்ற குழந்தையின் முகத்திலிருந்து காட்சி அப்படியே வளர்ந்த ஜோனின் முகத்துக்கு மாறுகிறது.

ஆனால், அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே தொடர் நமக்கு என்ன காட்டியிருந்தது என்று பாருங்கள். முதலாம் சீசனின் இரண்டாவது எபிசோட்டில் நெட் தெற்கு நோக்கியும் ஜோன் வடக்கெல்லைப் பெருஞ்சுவரை நோக்கியும் பிரிந்து செல்லும் இடத்தில், நீ ஒரு ஸ்டார்க், என் பெயர் உனக்கு இல்லாமலிருக்கலாம், ஆனால் என் இரத்தம் உன்னில் ஓடுகிறது என்று நெட் சொல்கிறார். அடுத்த முறை சந்திக்கும்போது உன் தாயைப் பற்றிப் பேசுவோம் என்று வாக்கும் கொடுக்கிறார். உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கின்ற எங்கள் குழுத் தங்கை ஒருத்தி, இந்தக் காட்சியை நிறுத்திவைத்து, "அக்கா, தங்கச்சியின் பிள்ளைக்கும் தாய்மாமனின் இரத்தம்தானே ஓடும்? இந்த மனிசன் ஒரு பொய்யும் சொல்லவில்லையே" என்றாள். நெட் பொய் சொல்லத் தெரியாத மனிதர் என்பதைத் தொடர் முழுவதும் நமக்கு உணர்த்துகிறார்கள். அப்படிப்பட்டவர் பிள்ளையிடம் பேசும்போது மட்டும் இவ்வளவு கவனமாகச் சொற்களை அளந்து பேசுவது ஏன் என்ற கேள்வி அந்த இடத்திலேயே எழவேண்டும்.

அதே சீசனின் ஐந்தாவது எபிசோட்டுக்கு வாருங்கள். கடல் கடந்து வாழ்கின்ற, கர்ப்பிணியான, ரேகாரின் தங்கை டினேரிஸைக் கொல்லவேண்டும் என்று அரசர் ரொபேர்ட் கட்டளையிடும்போது, நெட் தன் பதவிச் சின்னத்தைக் கழற்றி வைத்துவிட்டு வெளியேறுகிறார். டார்கேரியன் வம்சத்தில் ஒரு குழந்தைகூட மிஞ்சக்கூடாது என்று நினைக்கின்ற நண்பரின் பக்கத்தில் இருந்துகொண்டு, அந்த வம்சத்துப் பிள்ளை ஒன்றைத் தன் வீட்டிலேயே வளர்த்தவர் அவர் என்ற எண்ணத்தோடு அந்தக் காட்சியை மறுபடியும் பாருங்கள். அவருடைய கோபம் வேறு நிறம் கொள்கிறது. பின்னர் ஐந்தாம் சீசனின் நான்காவது எபிசோட்டில், ஹாரன்ஹால் போட்டியில் வென்ற ரேகார் தன் மனைவியைக் கடந்து சென்று லியானாவின் மடியில் நீல ரோஜாக்களாலான மாலையை வைத்த கதையை நிலவறையில் நின்றுகொண்டு சூழ்ச்சிக்காரப் பிரபு லிட்டில்ஃபிங்கர் சொல்கிறார். வெவ்வேறு வாய்களிலிருந்து, வெவ்வேறு நோக்கங்களோடு, ஆண்டுக் கணக்கான இடைவெளியில் வந்த சான்றுகள் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. இப்படிக் கட்டப்பட்ட தியரியைக் கண்டால் எனக்கு அதைக் கட்டிய வாசகர்கள் மீது பெரும் மரியாதை பிறக்கிறது. இணையத்தில் யாரோ சரியாக ஊகித்துவிட்டார்கள் என்பதற்காகத் தான் விதைத்த குறிப்புகளை மாற்றப்போவதில்லை என்று மார்ட்டின் சொல்லியிருப்பதும் அந்த மரியாதையின் இன்னொரு பக்கம் என்றே கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறானது, நெட்டின் மகன் பிரான்தான், வெள்ளை நடமாடிகள் எனும் பனிப் பேய்களின் தலைவனான நைட் கிங் என்ற தியரி. ஏழாம் சீசனுக்குப் பிறகு அது காட்டுத்தீயாகப் பரவியது. பிரான் கடந்த காலத்துக்குள் போகக்கூடியவன், நைட் கிங் அவன் கையைப் பற்றி அடையாளமிட்டான் என்ற இரண்டு செய்திகள்தாம் இடப்பக்கத்தில் இருந்தன. முகச் சாயல், உடையின் வடிவம் என்று மற்றவை அனைத்தும் வலப்பக்கத்தில் நாம் சேர்த்தவை. பிரானைச் சுமந்து திரிந்த ஹோடோரின் கதையை ஆறாம் சீசனின் ஐந்தாவது எபிசோட்டில் காட்டியதுதான் இதற்கெல்லாம் ஊற்றுக்கண். பிரானின் செயல் ஒன்று கடந்த காலத்துச் சிறுவன் ஒருவனின் அறிவைச் சிதைத்தது என்று தெரிந்தவுடன், பித்துப் பிடித்த அரசனின் காதில் பேசியவனும் பிரான், பெருஞ்சுவரைக் கட்டியவனும் பிரான் என்று எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டத் தொடங்கிவிட்டோம்.

பலித்தும் வலுவில்லாத தியரிக்கும் ஓர் உதாரணம் சொல்லவேண்டும். மூன்றாம் சீசனின் ஆறாவது எபிசோட்டில் சூனியக்காரி மெலிசாண்ட்ரே, நெட்டின் மகள் ஆர்யா நிரந்தரமாக மூடப்போகின்ற பழுப்பு, நீல, பச்சைக் கண்களைப் பற்றிச் சொல்கிறாள். எட்டாம் சீசனின் மூன்றாவது எபிசோட்டில் நீலக் கண்களுடைய நைட் கிங்கை ஆர்யா கொன்றவுடன், அந்த வசனமே ஆதாரம் என்று பலர் கொண்டாடினார்கள். ஆனால், அந்த முடிவை ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்ததாகத் தொடரை உருவாக்கியவர்களே அப்போது சொன்னார்கள். மெலிசாண்ட்ரேயின் வசனம் 2013இல் வந்தது. அப்படியானால், பழைய வசனத்தைப் பின்னர் எடுத்துப் பொருத்தினார்கள் என்றுதான் கொள்ளவேண்டும். ஆர்யாவின் அந்தப் பாய்ச்சலை நான் மிகவும் ரசித்தேன். ஆயினும் அதற்கு முன்கூட்டியே சான்று இருந்தது என்று என்னால் எழுதிவைக்க முடியாது.

அந்த எபிசோட் அமெரிக்காவில் 2019 ஏப்ரல் 28 ஞாயிறு இரவு ஒளிபரப்பாகி, நமக்குத் திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு, தோட்டத்தில் பிரட்டு எனும் காலை ஆள்கணக்குக்குப் புறப்படுகின்ற நேரத்தில் வந்து சேர்ந்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்கள் நடந்து ஒரு வாரமே ஆகியிருந்த அந்த நாட்களில் சமூக வலைத்தளங்கள் நாடு முழுவதும் முடக்கப்பட்டிருந்தன. ஒரு தொடரைப் பற்றிப் பேசவே பலருக்கு மனம் வரவில்லை. பேசியவர்களும் ஹட்டன் பஸ் நிலையத்திலும் தேநீர்க்கடையிலும் நேருக்கு நேர் நின்று பேசினார்கள். உலகமெங்கும் ரசிகர்கள் இணையத்தில் சண்டையிட்டுக்கொண்டிருந்தபோது, இங்கே ஒருவர் சொன்னதை மற்றவர் கடைசிவரை கேட்டுவிட்டுப் பதில் சொன்னார்.

தொடர் விடை சொல்லாமல் விட்டுவிட்ட ஒன்றைப் பற்றியும் குறைப்படாமல் இருக்க முடியவில்லை. வெள்ளை நடமாடிகள் உடல்களை அடுக்கி வரைகின்ற வடிவங்கள் முதல் எபிசோட்டிலேயே வந்தன. மூன்றாம் சீசனில் குதிரைகளின் உடல்களால் சுருள் போட்டார்கள். ஆறாம் சீசனில் நைட் கிங் உருவாக்கப்படும் இடத்தில் கற்கள் சுருளாக நின்றன. எட்டாம் சீசனின் முதல் எபிசோட்டில் ஒரு சிறுவனின் உடலைச் சுவரில் அறைந்து அதே சுருளைக் காட்டினார்கள். இத்தனை முறை காட்டிய ஒன்றுக்குப் பொருள் கேட்பது ரசிகரின் உரிமை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இப்போது ஹவுஸ் ஒஃப் த ட்ராகன் தொடருக்கு வருகிறேன். 2022 ஓகஸ்ட் 21 அன்று தொடங்கிய இந்தத் தொடருக்கு மூலம் 2018இல் வெளிவந்த மார்ட்டினின் ஃபயர் அண்ட் ப்ளட் என்ற புத்தகம். டார்கேரியன் வம்சத்துக்குள் நடக்கும் உள்நாட்டுப் போரில் யார் வெல்வார், யார் சாவார் என்பது அதில் ஏற்கனவே எழுதப்பட்டுவிட்டது. முடிவு தெரிந்த கதைக்குத் தியரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் நம்முடைய காமன் கூத்தைத்தான் சுட்டிக்காட்டுவேன். மாசி மாதத்தில் காமன் கம்பம் ஊன்றி, தப்பு முழங்க, தூதனும் வீரபத்திரனும் எமனும் வந்து ஆடுகின்ற அந்த இரவில், மதன் எரியப்போகிறான் என்பது கைக்குழந்தையைத் தவிர அங்கே உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் விடியும்வரை ஒருவரும் எழுந்து போவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் காமன் பண்டிகைக்கு லாவணி பாடுபவர்கள் இதையே ஒரு வாதமாக்கி, எரிந்த கட்சி என்றும் எரியாத கட்சி என்றும் பிரிந்து நிற்பார்கள். ஒரு கட்சி பாட்டிலே கேள்வி போட்டால், மறு கட்சி புராணத்திலிருந்து ஆதாரம் காட்டிப் பாட்டிலேயே விடை சொல்லவேண்டும்.

இந்தப் புத்தகமும் அப்படிப்பட்ட வாதத்துக்கென்றே எழுதப்பட்டது. நடந்து முடிந்து நெடுங்காலம் ஆனபின் ஓர் அறிஞர் எழுதுகின்ற வரலாறாக அது அமைந்திருக்கிறது. அரண்மனைக் கோமாளி மஷ்ரூம் ஒன்று சொல்கிறார், மதகுரு யூஸ்டஸ் வேறொன்று சொல்கிறார், மேய்ஸ்டர் மன்குன் மூன்றாவதாக ஒன்று சொல்கிறார். தொடர் அவர்களில் ஒருவரை ஏற்கலாம், அல்லது மூவருமே அறியாத ஒன்றைக் காட்டலாம். ஆகவே, என்ன நடக்கும் என்ற கேள்வி விலகி, உண்மையில் எப்படி நடந்தது என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. எனக்கு இது முதல் தொடரைவிடவும் செழிப்பான களம்.

வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும் இளவரசி ஹெலேனாவின் உளறல்களைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பலகைகளுக்கு அடியிலிருக்கும் மிருகத்தைப் பற்றி அவள் எட்டாவது எபிசோட்டில் எச்சரித்தாள். ஒன்பதாவதில் முடிசூட்டு விழாவின் நடுவே தளத்தைப் பிளந்துகொண்டு மெலீஸ் என்ற ட்ராகன் எழுந்தது. அவள் வாய் திறக்கின்ற ஒவ்வொரு முறையும் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் நின்று பேச விரும்புவது லேனரைப் பற்றித்தான். புத்தகத்தின்படி, அரியணைக்கு உரிமை கோருகின்ற இளவரசி ரெனீராவின் கணவன் லேனர் வெலேரியன் கொல்லப்படுகிறான். தொடரின் முதலாம் சீசன் ஏழாவது எபிசோட்டில், கணப்பு நெருப்பில் முகம் கருகிக் கிடக்கின்ற உடலைப் பார்த்துப் பெற்றோர் கதறுகிறார்கள். ஆனால் இறுதிக் காட்சியில், தலையை மழித்துக்கொண்ட லேனர் காதலனோடு படகில் தப்பிச் செல்கிறான். எரிந்தது வேறொருவரின் உடல். இரண்டாம் சீசனில் லேனரின் ட்ராகனான சீஸ்மோக், ஆடம் என்பவனைத் தானாகவே தேடிப்போய்த் தன் வீரனாக ஏற்கிறது. ஏறியவர் உயிரோடிருக்கும்வரை ட்ராகன் இன்னொருவரை ஏற்காது என்பது ரசிகர்கள் நெடுங்காலமாகக் கைக்கொள்ளும் விதி. இங்கேதான் நாம் இரண்டாகப் பிரிகிறோம். கடல் கடந்து போன லேனர் அங்கேயே இறந்துவிட்டான் என்பது ஒரு கட்சி. அவன் வாழ்கிறான், தூரத்தால் பிணைப்பு அறுந்துவிட்டது என்பது மறு கட்சி, அதாவது எரியாத கட்சி.

நான் முதல் கட்சியில் நிற்கிறேன். சீஸ்மோக் ஆடமைத் தேர்வதற்கு முன்னர், ரெனீரா தன் மெய்க்காவலர் தலைவரான ஸ்டெஃபன் டார்க்லினை அந்த ட்ராகனின் முன்னால் நிறுத்துகிறாள். அவர் எரிந்து சாகிறார். லேனர் அன்று சாகவில்லை என்பதை அறிந்த மிகச் சிலரில் அவளும் ஒருத்தி. அவன் உயிரோடிருப்பதாக அவள் நினைத்திருந்தால், தனக்கு உண்மையாக இருந்த ஒரு வீரரை அந்த நெருப்பின் முன்னால் நடக்கவிட்டிருப்பாளா? அவளுக்கு ஏதோ ஒரு செய்தி எட்டியிருக்கவேண்டும் என்பது நான் வலப்பக்கத்தில் சேர்த்தது. அவள் சீஸ்மோக்கை ஆளில்லாத ட்ராகனாகக் கருதினாள் என்பது இடப்பக்கத்தில் இருப்பது. எரியாத கட்சிக்காரர்கள் ஸ்டெஃபன் டார்க்லினின் அந்தக் காட்சிக்கு முதலில் விடை சொல்லுங்கள். சீசனையும் எபிசோட்டையும் குறிப்பிட்டு எழுதுகின்ற விடைகளை அடுத்த காணொளியில் பெயர் சொல்லி வாசிக்கிறேன்.