கணையம் தன்னையே செரிக்கும்போது

நேயர்களுக்கு வணக்கம். குச்சிக்கிழங்கு தின்றால் கணையம் கெடுமா என்று சேலத்துக்காரர் கேட்பது நியாயம்தான். கிழங்கிலுள்ள சயனைடுதான் காரணமோ என்று மருத்துவர்களே ஒரு காலத்தில் சந்தேகப்பட்டார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. நம் பக்கத்துக் கணைய அழற்சி (கணையம் வீங்கிப் புண்ணாகும் நோய்) நோயாளிகள் பலரிடம் ஸ்பிங்க்1 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பது தெரியவந்தது. குச்சிக்கிழங்கில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம்.

அந்த ஸ்பிங்க்1 என்ன செய்கிறது? கணையச் செல் தன் செரிமான நொதிகளை, டிரிப்சினோஜன் போல, உறங்கும் நிலையில் துகள்களாகக் கட்டி ஒரு முனையில் அடுக்கி வைக்கிறது. அவை குடலுக்குப் போன பிறகுதான் விழிக்க வேண்டும். டிரிப்சினோஜன் விழித்தால் அது புரதத்தைச் செரிக்கும் டிரிப்சின். தப்பித்தவறிச் செல்லுக்குள்ளேயே கொஞ்சம் டிரிப்சின் விழித்துக்கொண்டால் அதைப் பிடித்து அமுக்குவது ஸ்பிங்க்1.

சாப்பிட்டவுடன் அந்த முனையில் மட்டும் கால்சியம் ஏறும், சில நொடிகளில் இறங்கும், மறுபடி ஏறும். ஏறும்போது துகள்கள் நாளத்தில் கொட்டும். இறக்கிவிடுவது பம்புகளின் வேலை; அவற்றுக்கு ஏடிபி என்ற செல்லின் எரிபொருள் வேண்டும். பித்த அமிலமோ, சாராயமும் கொழுப்பும் சேர்ந்து உடலில் உண்டாகும் எஸ்டர் என்ற பொருளோ செல்லைத் தாக்கினால் கால்சியம் செல் முழுக்கப் பரவி, இறங்காமலே நிற்கிறது. செல்லுக்குள் சேமித்த கால்சியம் தீர்ந்ததும் ஓராய்1 என்ற வாசல் திறந்து வெளியிலிருந்தும் கால்சியம் கொட்டுகிறது. ஏடிபி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா தாங்காது, ஏடிபி விழும், பம்பு நிற்கும். பம்பு நின்றதால் கால்சியம் இன்னும் ஏறும். அதற்குள் துகள்களோடு கேத்தெப்சின் பி என்ற இன்னொரு நொதி கலந்து டிரிப்சினை எழுப்பிவிடுகிறது.

கணையம் தன்னையே செரிக்கிறது என்று நோயியல் மருத்துவர் ஹான்ஸ் கியாரி 1896-இலேயே சொன்னார். அது பாதிக் கதைதான் என்பேன். டிரிப்சினோஜனை நீக்கிய எலிகளிலும் அழற்சி வந்தது, என்.எஃப். கப்பா பி என்ற சமிக்ஞை தனிவழியில் கிளம்பி வெள்ளணுக்களை அழைக்கிறது. டிரிப்சினைத் தடுக்கும் மருந்துகள் பெரிதாகக் கைகொடுக்காததில் வியப்பில்லை.

மேல்வயிற்றில் திடீரென்று பிடித்து முதுகு வரை ஊடுருவும் வலி என்றால், கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராதீர்கள். இரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி இயல்பின் உச்ச அளவைப்போல் மூன்று மடங்கைத் தாண்டினால் வலியும் அதுவும் சேர்ந்தே நோயை உறுதிசெய்யும். இரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடு டெசிலிட்டருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். நாள்கணக்கில் பட்டினி போடும் பழக்கம் போய்விட்டது. நோய் லேசானதாக இருந்து, வாந்தி நின்று பசியும் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள்ளேயே எண்ணெய் சேராத இட்லி கொடுக்கலாம். பித்தக்கல்தான் காரணம் என்றால், லேசான நோயில் பித்தப்பையை அந்த அட்மிஷனிலேயே எடுத்துவிடுவது நல்லது.