மூன்றாம் சரணத்தை விட்டுவிட வேண்டாம்

பாடகர் குழுவினரே, சபையாரே,

'ஹீ லீடெத் மீ' ('அவர் என்னை நடத்துகிறார்') பாட்டை நேரமில்லை என்று முதல் சரணமும் கடைசிச் சரணமுமாகப் பாடி முடித்துவிடுகிறோம். அப்படிப் பாடினால் எது போய்விடுகிறது என்று பார்ப்போம்.

1862 மார்ச் 26, புதன்கிழமை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். பிலடெல்ஃபியா முதல் பாப்டிஸ்ட் சபையின் மாலைக் கூட்டத்தில் 27 வயது ஜோசப் ஹென்றி கில்மோர் 23ஆம் சங்கீதத்தை விளக்கினார். முழுச் சங்கீதத்தையும் சொல்ல வந்தவர், 'நடத்துகிறார்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். ஆங்கில வேதத்தில் 2, 3 ஆகிய இரு வசனங்களிலும் 'லீடெத்' என்ற ஒரே வினைச்சொல். நம் வேதத்தில் அது 'கொண்டுபோய் விடுகிறார்' என்றும் 'நடத்துகிறார்' என்றும் பிரிந்து வருவதால், அவரைப் பிடித்து நிறுத்தியது எது என்பது நமக்குச் சட்டென்று தெரிவதில்லை.

கூட்டம் முடிந்து ஒரு டீக்கனார் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே பென்சிலால் பாட்டை எழுதி மனைவி கையில் கொடுத்தார், பிறகு மறந்தும்போனார். அந்த அம்மாள்தான் பாஸ்டன் பத்திரிகைக்கு அனுப்பினார். 1865இல் ராச்செஸ்டர் சபைக்குப் பிரசங்கிக்கப் போன கில்மோர், அங்கிருந்த பாட்டுப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தம் பாட்டு மெட்டோடு அச்சாகியிருப்பதைக் கண்டார்.

மெட்டு வில்லியம் பிராட்பரியுடையது. பல்லவியின் கடைசி இரண்டு வரிகளும் அவர் சேர்த்தவையே. 'நான் உண்மையாய்ப் பின்செல்வேன்' என்ற பதில் அங்கேதான் வருகிறது. நடத்துகிறவரைச் சொன்னார் கில்மோர். நடக்கிறவனின் சம்மதத்தைச் சேர்த்தார் பிராட்பரி.

இனி மூன்றாம் சரணம். முதல் இரண்டிலும் தேவன் 'அவர்'. மூன்றாவதில் பாட்டு திரும்பி, 'ஆண்டவரே, உமது கையைப் பற்றிக்கொள்வேன், முறுமுறுக்க மாட்டேன்' என்று நேராகப் பேசுகிறது. சங்கீதமும் அப்படியே: மூன்று வசனம் வரை 'அவர்', மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும் 'தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்'. கையைப் பிடித்த பிறகுதான் நான்காம் சரணத்தில் மரணம் என்னும் யோர்தான் ஆற்றைக் கடக்கிறோம். இடையிலுள்ளதை வெட்டினால், பிடிக்காத கையோடு ஆற்றில் இறங்குகிறோம்.

நேரம் குறைவென்றால் சரணத்தில் கை வைக்காதீர்கள். நான்கையும் பாடுங்கள், பல்லவியை 2, 4 சரணங்களுக்குப் பின் மட்டும் வையுங்கள். மூன்றாவதன் முதல் வரியில் ஆர்கன் சத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஜெபம் அங்கேதான் தொடங்குகிறது.