கைராசி

நண்பர்களே, "அந்த டாக்டருக்கு நல்ல கைராசி" என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அறுவை சிகிச்சை பழக வந்திருக்கும் உங்களிடம் அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வந்தேன். ராசி கைவிட்ட ஒரு கையின் கதை எனக்குத் தெரியும்.

மதுரை டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1944இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் முடித்து ராணுவத்தில் சேர்ந்தவர். மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பதே அவர் ஆசை. முடக்குவாதம் வந்து நெடுநாள் படுக்கையில் தள்ளியது. விரல்கள் கோணிப்போயின, பிறகு நேராகவே இல்லை. அந்த விரல்களோடு கண் மருத்துவத்துக்கு வந்தார். கத்தி பிடிப்பதைப் புதிதாகப் பழகினார். தன் கைக்கு ஏற்ற கருவிகளைச் செய்துகொண்டார். அந்தக் கை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தது. அரசுப் பணியில் ஓய்வு பெற்று 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதும் அதே மனிதர்தான். இதை ராசி என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. பழக்கம், பழக்கம், பழக்கம்.

கண்புரையை எடுத்தபின் உள்ளே ஒரு சவ்வு மிஞ்சும். அதன் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தடிமன்கூட இல்லை. கை கொஞ்சம் தவறினால் கிழிந்துவிடும். பின்னாலிருக்கும் கண்கூழ் முன்னே வரும். லென்ஸ் வைப்பதே சிக்கலாகும். சரி, இதற்கு எங்கே பழகுவது? பழங்கால அறுவை மருத்துவர் சுசுருதரின் நூல் பூசணியிலும் வெள்ளரியிலும் வெட்டிப் பழகச் சொல்கிறது. இன்று உங்களுக்கு ஆட்டுக் கண் இருக்கிறது. மைக்ரோஸ்கோப்பின் கீழ் வைத்துத் தையல் போடுங்கள், பிரியுங்கள், மறுபடி போடுங்கள். அப்புறம்தான் மனிதக் கண். அதிலும் முதல் நாளே முழு அறுவை கிடையாது. ஒரு கட்டம் மட்டும் உங்களுடையது, மீதி ஆசிரியருடையது. அது கைவந்ததும் அடுத்தது. அலுப்பாக இருக்கும்தான். ஆனால் மேசையில் படுத்திருப்பவருக்கு அது ஒரே கண்ணாகவும் இருக்கலாம்.

முன்வரிசையில் இருக்கும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். இந்தப் பிள்ளைகள் முதல் கண்ணைத் தொடும் நாளில் பக்கத்திலேயே இருங்கள். பத்து நிமிட வேலை நாற்பது நிமிடம் ஆகும். கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். சவ்வு கிழிந்தால் அதட்டாமல் கருவியை வாங்கிச் சரிசெய்யுங்கள். மறுநாள் காலை, அந்த நோயாளியின் கட்டை அவிழ்க்கும்போது அவர்களையும் கூட அழைத்துப் போங்கள்.