இரவல் புடவையும் நல்ல கொய்சகமும்

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை நிறைத்திருக்கும் தமிழ்ப் பேராசிரியப் பெருமக்களே, இந்த மாலைக்காக நூலகத்தைப் பூட்டாமல் வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, எனக்கு முன் பேசி அவையைச் சூடாக்கிவிட்டுப் போன கவிஞர் ஐயா அவர்களே, சட்டைப்பையில் இருபது முகப் பகடையோடு வந்திருக்கும் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் அவர்கள் இருபது நிமிடம் தந்திருக்கிறார். அதில் ஒரு பங்கு அவரை வாழ்த்தவே போகும். அவர் அதற்குத் தகுதியானவர்.

“இரவல் புடவையிலே இது நல்ல கொய்சகம்” என்று நம்மிடம் ஒரு பழமொழி உண்டு. கொய்சகம் என்றால் முன்கொசுவம். ஏளனமாகச் சொல்வதுதான் வழக்கம். நான் அதை ஏளனமாக எடுக்கவில்லை. புடவை ஒருத்தியுடையது, மடிப்பு இன்னொருத்தியின் கைத்திறன். இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கற்பனை உலக விளையாட்டுகள் பழைய இலக்கியத்திலிருந்து எடுத்த உயிர்களைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்: பெயர் எப்படி வந்தது, உருவம் எப்படி மாறியது, சட்டம் எங்கே குறுக்கே வந்தது.

பெயரிலிருந்து தொடங்குகிறேன். 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிட்டார்கள். மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஆடுவது. முதல் பதிப்பிலே ஹாபிட் என்ற குறுமனிதன் இருந்தது, என்ட் என்ற நடக்கும் மரம் இருந்தது, பால்ரோக் என்ற தீப்பூதம் இருந்தது. மூன்றும் ஆங்கில எழுத்தாளர் டோல்கீன் கதைகளின் சரக்கு. 1977இல் உரிமை வைத்திருந்தவர்கள் ஆட்சேபித்தார்கள். ஹாபிட் ஹாஃப்லிங் ஆனது, என்ட் ட்ரியன்ட் ஆனது, பால்ரோக் பேலர் ஆனது. அதே கதைகளில் வரும் ஓர்க் என்ற கொடிய அரக்க இனத்தின் பெயர் மட்டும் அப்படியே நின்றது. ஏன்? ‘பேவுல்ஃப்’ என்ற பழைய ஆங்கிலக் காவியத்தின் 112ஆம் அடியில் ‘ஓர்க்னேயாஸ்’ என்று அந்தச் சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் ஆண்டுப் பழைய சொல்லுக்கு யார் பட்டா வாங்குவது? டோல்கீனும் இரவல் வாங்கியவர்தான். ‘வோலுஸ்பா’ என்ற பழைய நோர்ஸ் பாடலில் குள்ளர்களின் பெயர்ப் பட்டியல் வருகிறது. டோல்கீனின் குள்ளர் தலைவன் தோரின் அதில் இருக்கிறான். அவர் தம் மந்திரவாதிக்கு வைத்த காண்டால்ஃப் என்ற பெயரும் அங்கே ஒரு குள்ளனுடையதுதான். எடுத்த இடத்தை அவர் ஒளிக்கவில்லை. இரவல் புடவை, நல்ல கொய்சகம்.

அடுத்தது உருவம். பஹமூத் என்றால் பிள்ளைகளுக்கு டிராகன் அரசன். அரபு அண்டவியல் நூல்களில் அது ஒரு மாபெரும் மீன். அந்த மீனின் மேல் ஒரு காளை, காளையின் மேல் ஒரு பாறை, பாறையின் மேல் பூமியைத் தாங்கும் வானவன். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அந்தப் பெயரைப் பிளாட்டினம் டிராகனுக்குச் சூட்டியது. 1987இல் தொடங்கிய ஜப்பானிய வீடியோ விளையாட்டான ‘ஃபைனல் ஃபேன்டசி’யிலும் பஹமூத் டிராகன்தான். மீன் எந்த ஊர்த் தண்ணீரில் கரைந்தது என்று கேட்பாரில்லை.

நம் அவைக்கு நெருக்கமான ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ராட்சசன். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அனுமன் இலங்கைக்குள் நுழைந்து பார்க்கிறான். வால்மீகி என்ன காட்டுகிறார்? அதிகம் பருத்தவரும் இல்லை, அதிகம் இளைத்தவரும் இல்லை. விகார வடிவினரும் உண்டு, அழகரும் உண்டு. சில வீடுகளில் வேதம் ஓதும் குரல் கேட்கிறது. பொன்மானாக வந்த மாரீசன் அவர்களில் ஒருவன். அறத்தின் பக்கம் போன வீடணனும் அவர்களில் ஒருவன். புலித்தலை அந்தக் கூட்டத்தின் அடையாளமாக எங்கே வருகிறது? வரவில்லை.

1974 டிசம்பரில் அமெரிக்காவில் ஒரு தொலைக்காட்சித் தொடர், ‘கோல்சாக்’ என்று பெயர். அதில் ஒரு பகுதிக்கு ராட்சசன்தான் வில்லன். நீங்கள் யாரை நம்புகிறீர்களோ அவர் உருவில் வருவான், அருகில் வந்ததும் தின்றுவிடுவான். மாரீச வேலை, சரிதான். அவனைக் கொல்ல மந்திரித்த குறுக்குவில் அம்பு. இராமன் கையில் குறுக்குவில்லை யார் கொடுத்தது? அந்தத் தொடர்தான். அந்த அம்பு நேராக விளையாட்டு விதிக்குள் பாய்ந்தது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் உயிர்க் கையேடான 1977 ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலில் ஆசீர்வதிக்கப்பட்ட குறுக்குவில் அம்பு பட்டால் ராட்சசன் உடனே சாவான் என்று விதி. பக்கத்தில் ஒரு படம்: புலித்தலை, சீமான் அங்கி, புகைக்குழாய். மிக அழகான படம், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஓர் ஓவியத்துக்குப் பிறகு உலகத்து விளையாட்டு ராட்சசர்களில் பெரும்பாலோர் பூனை இனமாகிவிட்டார்கள். 2014 பதிப்பில் கணக்கைப் பாருங்கள்: ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப்புள்ளி, 110; ஆர்மர் கிளாஸ், அதாவது தற்காப்பு அளவு, 16. அவன் விரும்பினாலொழிய ஆறாம் நிலை வரையிலான மந்திரம் எதுவும் அவனைத் தொடாது. நல்லவன் கையிலுள்ள மந்திர ஆயுதம் குத்தினால் இரு மடங்கு காயம். அந்தக் குறுக்குவில் நாற்பது ஆண்டு கழித்தும் வேறு வேடத்தில் உயிரோடு இருக்கிறது!

இதில் எனக்குப் புலித்தலை குறையில்லை. அது கொய்சகம், மடித்தவர் கெட்டிக்காரர். குறை அலைன்மென்ட் என்ற குணவகைக் கட்டத்தில் இருக்கிறது. ‘லாஃபுல் ஈவில்’, ஒழுங்குக்கு உட்பட்ட தீயவன், என்று இனம் முழுமைக்கும் ஒரே முத்திரை குத்தியிருக்கிறார்கள். அந்தக் கட்டத்துக்குள் வீடணன் பிறக்கவே முடியாது. மூலத்தைப் படிக்காமல் படத்தைப் பார்த்துப் படம் வரைந்தால் முதலில் உதிர்வது நகமும் பல்லும் இல்லை, மனசாட்சி.

பிள்ளைகள் தாமே உயிர்களை உருவாக்குகிறார்கள் என்று நூலகர் அம்மா சொன்னார். அவர்களுக்காக ஒன்றைச் செய்து காட்டுகிறேன். சிலப்பதிகாரத்தில் சதுக்கப்பூதம். இந்திரவிழவூரெடுத்த காதையில் வருகிறது. முதலில் மூலத்தில் உள்ளதை மட்டும் எழுதுங்கள். ஆயுதம் பாசக்கயிறு. இருப்பிடம் நாற்சந்தி. இரை யார்? போலித் தவசி, பொய்ச்சாட்சி சொல்பவன், பிறன்மனை நயப்பவன், அரசனுக்குத் தீங்கு செய்யும் அமைச்சன், புறங்கூறுபவன். குரல் நான்கு காதம் கேட்கும். பிறகே எண்களுக்குப் போங்கள். குரலுக்கு எல்லை நகரம் முழுவதும் என்று வையுங்கள். கயிறுக்கு எல்லை அந்தச் சதுக்கம், அதைத் தாண்டித் துரத்தாது. குற்றமற்றவன் மேல் கயிறு விழுந்தால் தானாக நழுவ வேண்டும். பிழை எங்கே வரும் தெரியுமா? ஹிட் பாயிண்ட் 200, கதாயுதம், வெறித்தாக்குதல் என்று எழுதிவிடுவீர்கள். அப்புறம் அது பூதமாக இருக்காது, பெயர் மாற்றிய ஓகர் என்ற மேலைநாட்டு முரட்டு அரக்கன். கதாபாத்திரம் போன வாரம் சொன்ன பொய்யை ஆட்டநடத்துநர் குறித்து வைத்திருந்தால்தான் இந்தப் பூதத்துக்கு வேலை. ஆகவே முதல் ஆட்டத்திலேயே ஒரு பொய்க்கணக்குத் தாளைத் தொடங்க வேண்டும். அது இல்லாமல் ஐந்தாவது ஆட்டத்தில் பூதத்தை இறக்கினால் யாரைப் பிடிப்பது என்று தெரியாமல் மேசையே திகைக்கும்.

பேய்களுக்குக் கலிங்கத்துப்பரணி ஒன்றே போதும். போர்க்களத்தில் கூழ் அடும் படை. முடம், குருடு, ஊமை, கூன், குறள் என்று வகை வகையாக. ஒவ்வொன்றும் தனித் திறன் கேட்டு நிற்கிறது.

சட்டம் என்று மூன்றாவதாக ஒன்று சொன்னேன். தலைவர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், வேறொரு மாலை பார்ப்போம். என் கோரிக்கை அதைவிட அவசரமானது. விளையாட்டு செய்கிறவர்கள் ஒவ்வோர் உயிரின் பக்கத்திலும் நான்கு வரி மூலக் குறிப்பு போட வேண்டும்: எந்த நூல், எந்த இடம், எதை எடுத்தோம், எதை மாற்றினோம். இரவல் புடவை என்று சொல்லிவிட்டுக் கொய்சகத்துக்குக் கைதட்டு வாங்குங்கள், முதல் ஆளாக நான் தட்டுகிறேன். அவர்கள் போடும்வரை நாம் போடுவோம். வாசல் மேசையில் வெற்று அட்டைகள் இருக்கின்றன. அட்டைக்கு ஓர் உயிர். நூலும் காதையும் அடி எண்ணும் இல்லாத அட்டையைப் பெட்டியில் போட வேண்டாம். பேராசிரியர்கள் இருவர் அடி எண்ணைச் சரிபார்த்துத் தர இசைந்திருக்கிறார்கள், அவர்களுக்கு என் நன்றி. சதுக்கப்பூதத்தை நான் எழுதிவிட்டேன். யாளியை யாராவது எடுத்துக்கொள்ளுங்கள். வணக்கம்.