நிலம் இருக்கிறது, குழாய் இல்லை

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் என்றால் உங்களில் சிலருக்கு மேப்பிள் பாகு நினைவுக்கு வரும். எனக்கு இப்போதெல்லாம் கழிவுநீர்க் குழாய்தான் நினைவுக்கு வருகிறது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

மக்களில் பெரும்பாலோர் கிராமப்புறத்தில் வாழும் மாநிலம் அது. 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 6,43,077 பேர். மிகப் பெரிய நகரமான பர்லிங்டனில் 45,000 பேர்கூட இல்லை. காடும் மேய்ச்சல் நிலமும் கண்ணுக்கெட்டிய தூரம் கிடக்கின்றன. அங்கே பள்ளி ஆசிரியர் ஒருவர் கட்டுப்படியாகும் வாடகைக்கு வீடு தேடி அலைகிறார் என்றால் நம்ப முடிகிறதா?

விடுமுறைக்கு வந்து போகிறவர்கள் வீடுகளை வாங்கிப் பூட்டி வைக்கிறார்கள் என்பது உண்மை. ஏறக்குறைய ஆறில் ஒரு வீடு அப்படித்தான். ஆனால் புதிதாக ஏன் கட்ட முடியவில்லை?

1960களில் நெடுஞ்சாலைகள் வந்தன. பனிச்சறுக்கு மையங்களைச் சுற்றி மலைகளை மனை போட ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்க 1970இல் ஆளுநர் டீன் டேவிஸ் ‘ஆக்ட் 250’ சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒருவர் ஐந்து ஆண்டுகளுக்குள் ஐந்து மைல் வட்டாரத்தில் பத்து வீடுகள் கட்டினால் மாநில அனுமதி வேண்டும் என்பது அதன் பொது விதி. மலை பிழைத்தது, மறுக்கவில்லை. ஆனால் கட்டுநர் என்ன செய்வார்? ஒன்பதோடு நிறுத்திக்கொள்வார்!

சரி, சட்டங்களைத் திருத்தலாம். திருத்தவும் செய்தார்கள். 2023இல் வந்த சட்டப்படி, தனி வீடு கட்ட அனுமதியுள்ள இடத்தில் இரண்டு குடும்பங்களுக்கான வீடும் கட்டலாம். பொதுக் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் உள்ள இடத்தில் நான்கு வரை போகலாம். அந்த இரண்டாவது நிபந்தனையில்தான் விஷயம் மாட்டிக்கொள்கிறது. பல கிராமங்களில் அந்த இணைப்பே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், மண்ணும் நீரை உறிஞ்ச வேண்டும். பாறையும் களிமண்ணுமான ஊரில் இதற்கே பாதி மனை போய்விடும். அப்புறம் எங்கே அடுக்கு வீடு? காட்டையும் வயலையும் துண்டு போட்டுத் தனித்தனி வீடாகத்தான் கட்ட முடியும். எதைக் காக்கச் சட்டம் வந்ததோ, அதுதான் அழிகிறது.

குழாய் உள்ள பழைய ஊர்களிலேயே கட்டலாமே என்பீர்கள். பழைய ஆலைகளுக்கு ஆற்று நீரின் விசை தேவைப்பட்டது. அதனால் ஊர்கள் ஆற்றங்கரையில் வளர்ந்தன. 2023 ஜூலையில் தலைநகர் மான்ட்பீலியரின் கடைவீதி வெள்ளத்தில் மூழ்கியது. சரியாக ஓராண்டு கழித்து மாநிலத்தில் மறுபடியும் வெள்ளம். ஆக, குழாய் இருக்கும் இடத்தில் வெள்ளம் வருகிறது. மேட்டுக்குப் போனால் குழாய் இல்லை. அங்கே திட்டமிடுவோரின் உண்மையான தலைவலி இதுதான்.

என் கருத்தில், ஊரை ஒட்டிய மேட்டு நிலத்தை முதலில் குறித்து, குழாயை அங்கே கொண்டு போக வேண்டும். வீட்டு மானியமெல்லாம் அதற்குப் பிறகு. ஆனால் சிறிய ஊரால் ஒரு சுத்திகரிப்பு நிலையத்தின் செலவைத் தனியாகச் சுமக்க முடியாது. மாநில, மத்திய நிதி வந்தாலும் மீதிக்குக் கடன் பத்திரம் வெளியிட வேண்டும். அதற்கு ஊர் மக்கள் வாக்களிக்க வேண்டும். வாக்களிப்பவர்களுக்கு ஏற்கெனவே வீடு இருக்கிறது. குழாய் வந்தால்தான் குடிவர முடியும் என்று காத்திருப்பவருக்கோ அந்த ஊரில் வாக்கு இல்லை.