இலக்கம் வேறு, ஆள் வேறு

(திருகோணமலையில் உயர்தர வகுப்பு மாணவர்கள், பெற்றோர் முன் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

இங்கிலாந்துப் பொலிஸில் தொடர்புத் தரவுப் புலனாய்வாளராக வேலை செய்தேன் என்று ஊரில் யாரிடம் சொன்னாலும் அடுத்த கேள்வி ஒன்றுதான். "அப்ப எங்கட ஃபோன் கதையெல்லாம் கேப்பீங்களோ?" இல்லை. ஒரு சொல்லும் கேட்டதில்லை. யார் யாரை எடுத்தார், எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் வழியாக என்பது மட்டுமே என் மேசைக்கு வரும். பேச்சை ஒட்டுக்கேட்பது வேறு விஷயம். அதற்கு அமைச்சர் ஒருவர் கையெழுத்திட வேண்டும், நீதித்துறை ஆணையாளர் ஒருவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படிக் கேட்ட பேச்சை அங்கே பொதுவாக நீதிமன்றத்தில் சாட்சியமாக வைக்கவும் முடியாது. நான் பார்க்கிற வறண்ட அட்டவணையை வைக்கலாம். அதனால்தான் அந்த அட்டவணைக்கு அவ்வளவு மரியாதை, அவ்வளவு ஆபத்தும்.

ஒரு வரியைப் பார்ப்போம். அழைத்த இலக்கம், அழைக்கப்பட்ட இலக்கம், தொடங்கிய நேரம், நீடித்த செக்கன்கள், ஃபோன் கருவியின் தனி அடையாளமான பதினைந்து இலக்க ஐஎம்ஈஐ, டவரின் எந்தப் பக்கம் பார்த்த அன்டெனா. அழைப்பு 22 செக்கன் என்று இருக்கும். இருவரும் பேசினார்கள் என்று எழுதிவிடலாமா? எழுதக்கூடாது. மறுபக்கம் குரல் அஞ்சல் எடுத்திருந்தாலும் 22 செக்கன்தான் விழும். குறுஞ்செய்தியிலும் இப்படி ஒரு வில்லங்கம் உண்டு. ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரே செய்தியாகப் போகும், தமிழில் 70தான். அதைத் தாண்டினால் செய்தியைத் துண்டு துண்டாக உடைத்து அனுப்புவார்கள். சில பதிவுகளில் ஒவ்வொரு துண்டும் தனி வரியாக வரும். "சாப்பிட்டாயா மகன், குளிருக்கு ஜக்கெட் போட்டனியா" என்று நாலு வரி எழுதுகிற தாயை, இது தெரியாத ஒருவர் ஒரே நிமிஷத்தில் நாலு தரம் தொல்லை கொடுத்தவர் என்று வாசித்துவிடுவார்.

அடுத்தது டவர். ஃபோன் பக்கத்தில் இருக்கிற டவரைத்தான் பிடிக்கும் என்று பலரும் நினைக்கிறார்கள். எந்த டவரின் அலை நன்றாகக் கிடைக்கிறதோ அதைத்தான் பிடிக்கும். இதை விளங்கப்படுத்த லண்டனை விட நம்முடைய ஊர் நல்ல ஊர். கொட்டியாரக் குடாவை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு மேல் மலையும் இல்லை, மாடிக் கட்டடமும் இல்லை. மூதூர்க் கரையில் நிற்பவரின் ஃபோன் குடாவைத் தாண்டி நகரப் பக்கத்து டவர் ஒன்றைப் பிடிக்க இடமுண்டு. கிண்ணியாப் பாலத்தால் சுற்றி வந்தால் எவ்வளவு தூரம் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அட்டவணை அவரை நகரத்து டவரில் காட்டும். மறுபக்கம், கோணேசர் மலைக்குக் கீழே நிற்பவருக்குக் கூப்பிடு தூரத்து டவரைப் பாறை மறைக்கும். ஆகவே அறிக்கையில் "இன்னார் இங்கே நின்றார்" என்று எழுத மாட்டோம். "இந்த ஃபோன் இந்த நேரத்தில் இந்த அன்டெனாவைப் பயன்படுத்தியது. வழக்கில் சொல்லப்படும் இடத்தில் நின்றிருந்தாலும் இப்படிப் பதிந்திருக்கலாம்" என்று எழுதுவோம். பேப்பர்காரருக்குச் சப்பென்று இருக்கும். சட்டத்தரணி குறுக்கு விசாரணை செய்யும்போது அந்த வசனம்தான் நிற்கும்.

சோஹம் என்ற இங்கிலாந்துச் சிற்றூரில் 2002 ஆகஸ்டில் இரண்டு சிறுமிகள் காணாமற்போனார்கள். ஒருத்தியின் ஃபோன் அணைந்தபோது கடைசியாகப் பதிந்தது பேர்வெல் என்ற அயலூர் டவரில். எல்லோரும் பேர்வெல்லைத் தேடி ஓடியிருக்கலாம். நிபுணர் ஒருவர் சோஹத்துக்குள்ளேயே அலையை அளந்து பார்த்தார். பேர்வெல் டவர் எடுபட்ட ஒருசில இடங்களில் ஒன்று, பின்னால் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்ட பாடசாலைப் பராமரிப்பாளரின் வீட்டுக்கு வெளியே இருந்தது. வரைபடத்தில் கோடு போட்டு இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது, கருவியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும்.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. டென்மார்க்கில் 2019இல், தொலைபேசி நிறுவனங்கள் கொடுத்த தரவைப் பொலிஸார் தாங்கள் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றிய மென்பொருளில் பிழை இருந்தது தெரியவந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வழக்குகளைத் திரும்பப் பார்க்க வேண்டி வந்தது. இரண்டு மாதம் டவர் தரவைச் சாட்சியமாக எடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள்.

நேரத்தில் வருகிற பிழை இதைவிடச் சின்னதாகத் தெரியும். நமக்கு இது புதிதல்ல. 1996இலிருந்து 2006 வரை நாட்டின் கடிகாரம் முன்னே தள்ளியிருந்தது, புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதியில் பழைய நேரம். சந்திப்போம் என்றால் "எந்த நேரம்?" என்று கேட்ட தலைமுறை இங்கே இருக்கிறது. இணையப் பதிவிலும் அதே கேள்விதான். இணைய இணைப்புக்குக் கொடுக்கும் இலக்கமான ஐபி முகவரி ஒன்றையே ஒரே நேரத்தில் பல வாடிக்கையாளர்கள் பகிர்வார்கள், கொஞ்ச நேரத்தில் அது வேறு ஆட்களுக்குப் போய்விடும். இங்கிலாந்தில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளுவார்கள், அதைக் கழிக்க மறந்து ஒரு மணித்தியாலம் பிசகினால், விடிகாலையில் பொலிஸ் தட்டுவது வேறொருவர் வீட்டுக் கதவை. ஐபி முகவரியில் ஒரு இலக்கம் கூடுதலாகத் தட்டப்பட்டதால், குழந்தைகள் தொடர்பான மிகக் கேவலமான குற்றத்துக்கு ஒரு அப்பாவித் தகப்பன் கைதான சம்பவம் இங்கிலாந்தில் நடந்திருக்கிறது. அந்த மனிதருக்குப் பிறகு நட்டஈடு கிடைத்தது. அயலவர் பார்த்த பார்வைக்கு யார் நட்டஈடு கொடுப்பது?

இதனால்தான் கேட்பவரும் அனுமதிப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது. இங்கிலாந்தில் 2016ஆம் ஆண்டுப் புலனாய்வு அதிகாரங்கள் சட்டத்தின் கீழ், 2019இலிருந்து பொலிஸுக்கு வெளியே உள்ள ஒரு சுயாதீன அலுவலகம்தான் தரவு கேட்கும் சாதாரண விண்ணப்பங்களைப் பார்க்கிறது. குற்றம் என்ன, இந்தத் தரவு ஏன் வேண்டும், வேறு வழியே இல்லையா, இதில் சம்பந்தமில்லாத எத்தனை பேரின் தகவல் சேர்ந்து வரும் என்று எழுத வேண்டும். திருப்பி அனுப்புவார்கள். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் நான் அந்த முறையின் பக்கம்தான். உயிர் போகிற அவசரம் போன்றவற்றில் பொலிஸ் உயரதிகாரியே அனுமதிக்கலாம். தற்கொலை செய்யப்போகிறேன் என்று செய்தி போட்டுவிட்டு வெளியேறிய பிள்ளையைத் தேடுவது அந்த வகை. உரிய அதிகாரம் இல்லாமல், தெரிந்தோ கவலையீனமாகவோ தரவை எடுத்தால் அதிகாரியே குற்றவாளி. தன் மனைவியின் இலக்கத்தை ஒருக்கால் பார்ப்பம் என்ற விளையாட்டு அங்கே செல்லாது.

இனி எனக்கு மிக முக்கியமான விஷயம். அட்டவணையில் மனிதர்கள் இல்லை, இலக்கங்கள்தான் இருக்கின்றன. ஒரு இலக்கத்தை ஒரு ஆளோடு கட்டுவதுதான் இந்த வேலையின் பாதி. அந்த ஃபோன் இரவில் எங்கே உறங்குகிறது, யாருடைய அம்மாவுக்குத் தினமும் எடுக்கிறது, சிம் மாறினாலும் அதே ஃபோன்தானா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம். பதிவில் இருக்கிற பெயர் தொடக்கம் மட்டுமே. நம்மூரில் நிலைமை என்ன? அப்பம்மாவின் அடையாள அட்டையில் எடுத்த சிம் பேரனிடம் இருக்கும். கடைக்கார அண்ணை அவசரத்துக்குக் கேட்டார் என்று ஐடியைக் கொடுத்துவிட்டு மறந்துபோயிருப்போம். அந்த இலக்கத்தால் யாரோ ஒருவர் பணமோசடி செய்தால் பொலிஸ் முதலில் வருவது அப்பம்மாவிடம். அவர் குற்றவாளி இல்லை என்று கடைசியில் தெரியலாம். கடைசி எப்போது வரும் என்பதுதான் கேள்வி. உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்று நிறுவனங்களிடம் கேட்டு, தேவையில்லாததை வெட்டிவிடுங்கள். ஸ்டார், ஹாஷ், பூச்சியம், ஆறு, ஹாஷ் என்று தட்டினால் ஐஎம்ஈஐ வரும். அதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஃபோன் களவு போன பிறகு அந்த இலக்கத்தைத் தேடிப் பெட்டியைக் கிளறுகிறவர்கள்தான் அதிகம்.

இந்த வேலைக்கு என்ன படிக்க வேண்டும் என்று முன்வரிசையில் ஒரு தங்கச்சி சீட்டு அனுப்பியிருக்கிறார். அங்கே பலர் சீருடை போடாத சிவில் ஊழியர்கள். பயிற்சியில் தேறித் தனி அடையாள இலக்கம் கிடைத்த பிறகுதான் நிறுவனங்களிடம் தரவே கேட்க முடியும். கணினி தெரிந்தால் நல்லது. ஆனால் நான் பார்த்த கெட்டிக்காரர்களில் ஒருவர் புவியியல் படித்தவர். வரைபடத்தில் நிலத்தின் உயரத்தைக் காட்டும் சமவுயரக் கோட்டைப் பார்த்ததும் அலை எங்கே தடைப்படும் என்று சொல்லிவிடுவார். புவியியலை இலகுவான பாடம் என்று எடுத்த பிள்ளைகள் இருந்தால், கேள்வி நேரத்தில் முதலில் கையை உயர்த்துங்கள்.